அம்மாவை வீட்டிலேயே வைத்துப் பார்க்க மெடிகெய்ட் எப்படி உதவியது

வயதான பெற்றோரை அமெரிக்காவில் உடன் வைத்திருக்கும் நம் ஆட்களிடம் பேசினால் முதலில் வரும் கேள்வி இதுதான்: “அம்மாவுக்குத்தான் மெடிகேர் இருக்கே, அது பார்த்துக்காதா?”

பார்த்துக்கொள்ளாது. மெடிகேர் என்பது முதியவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு. அது மருத்துவமனைக்குக் கொடுக்கும், டாக்டருக்குக் கொடுக்கும், மருந்துக்குக் கொடுக்கும். உடம்பு முடியாமல் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினால் கொஞ்ச காலத்துக்கு நர்ஸையும் பிசியோதெரபிஸ்டையும் வீட்டுக்கு அனுப்பும். தினமும் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது, ஊட்டிவிடுவது என்று வருடக்கணக்கில் தேவைப்படும் உதவிக்கு அதில் இடமில்லை. அதற்குப் பணம் கொடுப்பது, வருமானமும் சொத்தும் குறைவாக உள்ளவர்களுக்கான அரசுத் திட்டமான மெடிகெய்ட். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு.

என் அம்மாவுக்குப் பல வருடங்களாகப் பார்க்கின்சன் நோய். நியூஜெர்சியில், மிடில்செக்ஸ் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), எங்களோடுதான் இருக்கிறார். காலையில் வரும் உதவியாளரின் சம்பளம், வாரத்தில் சில நாள் அம்மா போய்வரும் பகல்நேர மையம், கழுத்தில் மாட்டியிருக்கும் அவசரப் பொத்தான், குளியலறையில் பொருத்திய பிடிகம்பிகள் எல்லாமே இந்த மாநிலத்து மெடிகெய்டின் நீண்டகாலப் பராமரிப்புத் திட்டத்தில் கிடைத்தவை. எம்எல்டிஎஸ்எஸ் என்று சொல்வார்கள். 2014 ஜூலையில் தொடங்கியது. அப்படி ஒன்று இருப்பதே அம்மா கீழே விழும்வரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும், அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை என்றுதான் சுற்றியிருந்த எல்லோரும் சொன்னார்கள். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும், உடம்பு தேறும்வரை தங்கவைத்துப் பயிற்சி தரும் ரீஹேப் மையத்துக்கு அனுப்பினார்கள். இங்கே ஒரு விஷயத்தை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்: நோயாளியை முறைப்படி அட்மிட் செய்திருக்கிறார்களா, வெறும் ‘அப்சர்வேஷனில்’, அதாவது கண்காணிப்பில் மட்டும் வைத்திருக்கிறார்களா? தனியார் பிளான் வழியாக இல்லாத சாதா மெடிகேரில் மூன்று நாளாவது அட்மிட் ஆகியிருந்தால்தான் ரீஹேப் செலவை ஏற்பார்கள். படுக்கையும் சாப்பாடும் ஒன்றாகவே இருக்கும். கணக்கில் மட்டும்தான் வித்தியாசம். நாங்கள் கேட்டு உறுதி செய்துகொண்டோம். ரீஹேப் மையத்தில் முதல் 20 நாள் முழுச் செலவு மெடிகேருடையது. 21ஆம் நாளில் இருந்து 100ஆம் நாள் வரை தினமும் ஒரு தொகையை நாம் கட்ட வேண்டும். 2025இல் அது ஒரு நாளைக்கு 209.50 டாலராக இருந்தது. அதுவும் முன்னேற்றம் தெரியும்வரைதான் என்று சொல்லி, பெரும்பாலும் 100 நாளுக்கு வெகு முன்பே முடித்துவிடுவார்கள்.

அந்த மையத்தின் சோஷியல் ஒர்க்கர் நல்லவர்தான். ஆனால் அவர் கொண்டுவந்த படிவங்கள் எல்லாம் அம்மா நர்சிங் ஹோமில் (இங்கே அது முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம்) நிரந்தரமாகத் தங்குவதற்கானவை. வீட்டுக்குக் கூட்டிப்போக என்ன வழி என்று கேட்டபோது அவரிடம் தெளிவான பதில் இல்லை. இதை அவர் குறையாக நான் பார்க்கவில்லை. 1965இல் மெடிகெய்ட் சட்டம் வந்தபோதே நர்சிங் ஹோம் பராமரிப்பு மாநிலங்கள் கொடுத்தே ஆக வேண்டிய ஒன்றாகிவிட்டது. வீட்டுப் பராமரிப்பு மாநிலங்கள் விரும்பினால் கொடுக்கலாம் என்ற இடத்தில்தான் பெரும்பாலும் இன்றும் இருக்கிறது. அயோவா மாநிலத்தில் கேட்டி பெக்கெட் என்று ஒரு சிறுமி. மூளைக்காய்ச்சலால் சுவாசக் கருவி தேவைப்பட்டு, மூன்று வயதுவரை பெரும்பாலும் மருத்துவமனையிலேயே இருந்தாள். வீட்டில் வைத்துப் பார்த்தால் செலவு குறைவு, ஆனால் வீட்டுக்குப் போனால் மெடிகெய்ட் நின்றுவிடும். 1981இல் ஜனாதிபதி ரீகன் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அந்த வருடம்தான் மாநிலங்கள் அனுமதி வாங்கி வீட்டிலேயே பராமரிப்புக் கொடுக்கலாம் என்ற பிரிவும் சட்டத்தில் சேர்ந்தது. பிறகு 1999இல், ஜார்ஜியாவைச் சேர்ந்த லோயிஸ் கர்ட்டிஸ், எலைன் வில்சன் என்ற இரு பெண்களின் வழக்கில், சமூகத்தோடு சேர்ந்து வாழக்கூடிய ஒருவரைத் தேவையில்லாமல் நிறுவனத்துக்குள் அடைத்து வைப்பது பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓம்ஸ்டெட் தீர்ப்பு என்பார்கள். இதையெல்லாம் படித்த பிறகு எனக்கு ஒரு தைரியம் வந்தது. அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று கேட்பது சலுகை கேட்பதாகத் தோன்றவில்லை.

நாங்கள் முதலில் கூப்பிட்டது கவுன்டியின் முதியோர் அலுவலகம். ஒவ்வொரு கவுன்டியிலும் ஒன்று உண்டு. மருத்துவமனையில் கிடைக்காத பதில் அங்கே ஒரே போன் காலில் கிடைத்தது: பணத் தகுதிக்குக் கவுன்டியின் சமூகநல அலுவலகத்தில் விண்ணப்பம், உடல்நிலைத் தகுதிக்கு நேரில் மதிப்பீடு. இரண்டும் சேர்ந்தால்தான் அனுமதி.

இங்கே நம் ஆட்கள் அதிகம் குழம்பும் இடத்துக்கு வருகிறேன். “உங்க வீட்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, எப்படிக் கிடைக்கும்?” என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். வயதான பெற்றோரின் மெடிகெய்ட் தகுதிக்குப் பிள்ளைகளின் சம்பளத்தைச் சேர்ப்பதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் சரிதான். அம்மாவின் வருமானம், அம்மாவின் சொத்து, அவ்வளவுதான் கணக்கு. ஒரே ஒரு இடத்தில் இது மாறும். பெற்றோருக்கு கிரீன் கார்டு வாங்கும்போது அவர்கள் செலவுக்கு நாமே பொறுப்பு என்று ஐ-864 என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருப்போமே, அது உயிரோடு இருக்கும்வரை ஸ்பான்சரின் வருமானத்தைப் பெற்றோருடையதாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. பெற்றோர் சிட்டிசன் ஆனதும் அந்த உறுதிமொழி முடிந்துவிடும்.

அதோடு, 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி கிரீன் கார்டு வாங்கி முதல் ஐந்து வருடங்களுக்குப் பொதுவாக மெடிகெய்ட் கிடையாது. சில மாநிலங்கள் தங்கள் சொந்தப் பணத்தில் விதிவிலக்கு வைத்திருக்கின்றன. ஆக, பெற்றோருக்கு ஐந்து வருடம் நிறைந்ததும் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிப்பதுதான் இதில் மிகப் பெரிய முன்னேற்பாடு. அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருந்த காலத்திலேயே அது முடிந்தது, பெரிய அதிர்ஷ்டம். 50 வயதுக்கு மேல் 20 வருடம் அல்லது 55 வயதுக்கு மேல் 15 வருடம் கிரீன் கார்டோடு இருந்தவர்களுக்கு ஆங்கிலத் தேர்வு கிடையாது, மற்ற கேள்விகளைத் தமிழிலேயே கேட்கச் சொல்லலாம். மறதி நோயோ வேறு உடல், மனக் குறைபாடோ இருந்து படிக்கவே முடியாத நிலை என்றால், அந்தத் தேர்வுகளில் இருந்து விலக்குக் கேட்க டாக்டர் நிரப்பித்தரும் என்-648 படிவம் இருக்கிறது. “ஊருக்குத்தான் திரும்பிப் போகப் போறோமே, எதுக்கு இதெல்லாம்?” என்று பெற்றோர் சொல்வார்கள். என் அம்மாவும் சொன்னார். அதில் இருக்கும் வலியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பேசிப் புரிய வைக்க வேண்டிய விஷயம் இது.

இனி பணக் கணக்கு. 2025இல் நியூஜெர்சியில் இந்தத் திட்டத்துக்கு மாத வருமானம் 2,901 டாலருக்குள்ளும், கையிருப்பு 2,000 டாலருக்குள்ளும் இருக்க வேண்டியிருந்தது. வருமானம் கூடினால் அதற்கென ஒரு டிரஸ்ட் கணக்குத் தொடங்கித் தகுதி பெறலாம். குடியிருக்கும் வீடு, ஒரு கார் போன்றவை சில நிபந்தனைகளோடு கையிருப்பில் சேராது. கணவன் மனைவி இருவரும் இருந்தால், உதவி தேவைப்படாதவர் கையில் கணிசமான பங்கை விட்டுவைக்கத் தனி விதிகள் உண்டு. அது எங்களுக்குப் பொருந்தவில்லை, அப்பா ஊரிலேயே காலமாகிவிட்டார்.

அம்மாவுக்கு வருவது அப்பாவின் குடும்ப ஓய்வூதியம் மட்டும். அதுவும் இந்தியாவில் ஒரு வங்கிக் கணக்கில் விழுகிறது. விண்ணப்பத்தில் இதை எழுத வேண்டுமா என்று உறவினர்கள் கேட்டார்கள். எழுதத்தான் வேண்டும். இந்தியாவில் இருக்கும் சேமிப்பு, எஃப்டி, நிலம், வீட்டில் பங்கு எல்லாமே கணக்கில் வரும். மறைத்தால் அது மோசடி, பின்னால் பிடிபட்டால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். நாங்கள் எல்லாவற்றையும் எழுதினோம். கடந்த ஐந்து வருட பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்டார்கள். கும்பகோணத்தில் இருக்கும் சித்தப்பா மகன் பேங்குக்குப் போய், மேனேஜரிடம் பேசி, முத்திரையோடு பிரின்ட் எடுத்து அனுப்பினான். ரூபாய்த் தொகைகளை டாலரில் மாற்றி ஒரு தனித் தாளில் எழுதி மேலே வைத்தேன். தமிழில் இருந்த பத்திரத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்தோம். இப்படி ஒழுங்காகக் கொடுத்ததால் கவுன்டி அலுவலரின் கேள்விகள் குறைந்தன என்றே நினைக்கிறேன்.

ஐந்து வருடக் கணக்கு எதற்கென்றால், அந்த 60 மாதங்களில் யாருக்காவது இனாமாகக் கொடுத்திருக்கிறாரா என்று பார்ப்பதற்கு. நம் வழக்கத்தில் பாட்டி பேத்தி கல்யாணத்துக்கு நகையோ பணமோ கொடுக்காமல் இருப்பாரா? கோயில் கும்பாபிஷேகத்துக்கு எழுதாமல் இருப்பாரா? அம்மாவும் கொடுத்திருந்தார். இங்கே சட்டம் அதை, தகுதி பெறுவதற்காகச் சொத்தைக் கைமாற்றியதாகத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். கொடுத்த தொகைக்கு ஏற்ப, திட்டம் பணம் கொடுக்காத ஒரு அபராத காலம் விதிப்பார்கள். அம்மா கொடுத்தது சிறு தொகை, அதனால் அபராத நாட்களும் சிலவே. பெரிய தொகை என்றால் மாதங்கள் போய்விடும். அம்மாவின் பணத்தை அம்மாவுக்காகவே நியாயமான விலையில் செலவு செய்வதில் ஒரு தடையும் இல்லை. பல் செட், காது மெஷின், தனியாக வைத்த உதவியாளரின் சம்பளம் என்று நாங்கள் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக்கொண்டோம். இறுதிச் சடங்குக்கு முன்கூட்டிக் கட்டி வைக்கும் தொகைக்கும் இங்கே விலக்கு உண்டு. நம் வீடுகளில் அந்தப் பேச்சை எடுப்பதே கஷ்டம், நாங்களும் அதைச் செய்யவில்லை.

இன்னொன்று, அம்மாவும் நாமும் சேர்ந்து வைத்திருக்கும் ஜாயின்ட் கணக்கு. அதில் இருப்பதில் எது நம் பணம் என்று நிரூபிக்காதவரை முழுவதும் அம்மாவுடையது என்றே எடுப்பார்கள். பெற்றோருக்குத் தனிக் கணக்கு இருப்பது நல்லது. ஊரில் சொத்து இருப்பவர்கள், முதியோர் சட்டம் தெரிந்த வழக்கறிஞருக்கு ஒரு முறையாவது பணம் கொடுத்து ஆலோசனை கேட்பது வீண்போகாது.

இத்தனை காகிதத்தையும்விட முக்கியம், உடல்நிலை மதிப்பீடு. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

இந்தத் திட்டம் நோயின் பெயரைக் கேட்டு முடிவு செய்வதில்லை. பார்க்கின்சன் என்று சொன்னால் மட்டும் போதாது. குளிப்பது, உடுத்துவது, கழிவறை போவது, படுக்கையில் இருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, நடமாடுவது, சாப்பிடுவது என்ற அன்றாடக் காரியங்களில் எத்தனைக்கு இன்னொருவர் கை வேண்டும் என்று பார்க்கிறார்கள். நியூஜெர்சியில் மூன்று காரியங்களுக்காவது கைபிடித்து உதவ வேண்டும், அல்லது நினைவுக் குறைவால் கூடவே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்ய வைக்க வேண்டும். அந்த அளவு தேவை இருந்தால்தான் நர்சிங் ஹோமில் சேர வேண்டிய நிலை என்று ஏற்று, அதே பராமரிப்பை வீட்டில் தருகிறார்கள்.

நம் வீடுகளில் அந்த இன்னொருவர் கை கண்ணுக்கே தெரியாது. மகளோ மருமகளோ மகனோ செய்வதை உதவி என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. பெற்றோரும் வெளியாள் முன்னால் தன் இயலாமையைச் சொல்ல மாட்டார்கள். மதிப்பீட்டுக்கு நர்ஸ் வருகிறார் என்றதும் அம்மா தலை வாரிக்கொண்டு நல்ல காட்டன் புடவை கட்டச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். வந்தவருக்குக் காபி கொடுத்தாயா என்று என்னை விரட்டினார். பார்க்கின்சனில் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கை நடுக்கமும் விறைப்பும் குறைந்திருக்கும், அது இறங்கியதும் எழுந்து நிற்கவே முடியாது. நர்ஸ் வந்தது மாத்திரை நன்றாக வேலை செய்த நேரம்.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தோம். அது இலவசம், கேட்டால் தந்தே ஆக வேண்டும். போனில் தமிழ் பேசும் ஒருவரைச் சேர்த்தார்கள். பிள்ளைகளே மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. கழிவறை விஷயத்தை மகள் முன்னால், மகளின் வாயால் கேட்கும்போது அம்மாக்கள் கூசிப்போவார்கள். நாமும் நம்மை அறியாமல் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடுவோம்.

“நீங்களே குளிப்பீங்களாம்மா?” என்று கேட்டார்கள்.

“ஆமா, நானேதான் குளிப்பேன்.”

நர்ஸ் அதைக் குறித்துக்கொள்ளப் போனார். நான் இடையில் பேசலாமா என்று அனுமதி கேட்டுவிட்டு, அம்மாவிடமே இன்னொரு கேள்வி கேட்கச் சொன்னேன்: தண்ணீர் யார் ஊற்றுவார்கள்?

“தண்ணி பொண்ணு ஊத்துவா. சோப்பும் அவதான் போடுவா. முதுகு, காலெல்லாம் அவதான் தேய்ப்பா. நான் பாட்டுக்கு நாற்காலில உக்காந்திருப்பேன்.”

அம்மா பொய் சொல்லவில்லை. குளிப்பது அவர்தானே. இந்தப் பதிலுக்குப் பிறகு நர்ஸ் எல்லாக் கேள்வியையும் இப்படியே பிரித்துக் கேட்க ஆரம்பித்தார். புடவை யார் கட்டிவிடுகிறார்கள், கட்டிலில் இருந்து எழும்போது யார் தூக்குகிறார்கள், இரவில் எத்தனை முறை எழுகிறார், அப்போது யார் கூடப் போகிறார்கள் என்று. அம்மா ஒவ்வொன்றுக்கும் உண்மையையே சொன்னார். உங்கள் வீட்டு மதிப்பீட்டிலும் “முடியுமா?” என்று கேட்டால் அதோடு விடாமல், எப்படி நடக்கிறது என்று படிப்படியாகச் சொல்ல வையுங்கள்.

கூடவே நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ரீஹேப்பில் இருந்து வந்த நாள் முதல் எழுதியது. காலையில் எழுப்ப எவ்வளவு நேரம் ஆனது, மாத்திரை எப்போது, அது எப்போது இறங்கியது, கழிவறைக்கு எப்போதெல்லாம் போனார், எங்கே தடுமாறினார், இரவில் எப்போது எழுந்தார், புரையேறியதா, அடுப்பை அணைக்க மறந்தாரா. உணர்ச்சியாக ஒன்றும் எழுதவில்லை, நேரமும் நடந்ததும் மட்டும். நர்ஸ் அதைப் புரட்டிப் பார்த்து, பக்கங்களைப் படம் எடுத்துக்கொண்டார். நரம்பியல் டாக்டரிடமும், மருந்து இறங்கும் நேரத்தில் அம்மாவால் தனியாக எழ முடியாது, விழும் ஆபத்து அதிகம் என்று ஒரு கடிதம் வாங்கியிருந்தோம். டாக்டர் கடிதத்தில் நோயின் பெயரைவிட அன்றாடக் காரியங்கள் இடம்பெற வேண்டும். அதை நாமே டாக்டரிடம் கேட்டு எழுதச் சொல்ல வேண்டும்.

அனுமதி கிடைத்ததும், மெடிகெய்ட் சேவைகளை நடத்தித்தரும் காப்பீட்டு நிறுவனமான ஒரு ஹெல்த் பிளானைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு கேர் மேனேஜர் வந்து பராமரிப்புத் திட்டம் போடுவார். இதில் நாமாகக் கேட்காவிட்டால் பல விஷயங்கள் பேச்சுக்கே வராது. குளியலறை மாற்றம், அவசரப் பொத்தான், வீட்டுக்கு வரும் சாப்பாடு, குடும்பத்தினருக்கு ஓய்வு கொடுக்கும் தற்காலிகப் பராமரிப்பு எல்லாம் பட்டியலில் உண்டு.

முதலில் ஏஜென்சி மூலம் உதவியாளர் வந்தார். கரீபியன் தீவு ஒன்றைச் சேர்ந்த பெண்மணி. அவருக்கும் அம்மாவுக்கும் பொது மொழி ஒன்றும் இல்லை, ஆனால் அவர் கை வைத்தாலே அம்மா பயப்படாமல் எழுந்து நிற்பார். அப்படி ஒரு பக்குவம். அவர் விலகிய பிறகு வந்தவர்கள் அடிக்கடி மாறினார்கள். ஒவ்வொரு புது ஆளுக்கும் அம்மா மறுபடி கூச்சப்பட்டுக் குளிக்க மறுப்பார். அப்போதுதான் இன்னொரு வழியைக் கேர் மேனேஜரிடம் கேட்டு வாங்கினோம். நியூஜெர்சியில் அதன் பெயர் பர்சனல் பிரிஃபரன்ஸ் புரோகிராம். அனுமதித்த மணிநேரங்களுக்கு ஈடாக ஒரு மாத பட்ஜெட் தருவார்கள், நமக்குப் பிடித்த ஆளை நாமே வேலைக்கு வைக்கலாம். உறவினராகவும் இருக்கலாம். சம்பளம், வரி எல்லாம் ஒரு நிதி நிறுவனம் வழியாகப் போகும். அம்மா சார்பில் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்பவரே சம்பளம் வாங்கும் உதவியாளராகவும் இருக்க முடியாது. அதனால் கணக்கு என் பொறுப்பு, வேலைக்கு வருவது பக்கத்து அபார்ட்மென்ட்டில் இருக்கும் ஒரு தமிழ் அக்கா. அம்மா எந்த ஊர், எந்தத் தெரு என்று அவரிடம் தினமும் புதிதாகச் சொல்வார், அவரும் தினமும் புதிதாகக் கேட்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வழியை எல்லோருக்கும் சொல்வேன்.

வேலைக்கு வந்ததையும் போனதையும் உதவியாளர் போன் செயலியில் பதிவு செய்ய வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் வந்த கட்டாயம். பதிவு விட்டுப்போனால் சம்பளம் தாமதமாகும். பெற்றோரோடு ஒரே வீட்டில் வாழும் மகனோ மகளோ இந்த மாதிரித் திட்டத்தில் சம்பளம் வாங்கினால், அதற்கு மத்திய வருமான வரி விலக்கு இருக்கலாம். வருமான வரித்துறையின் 2014-7 அறிவிப்பைப் பற்றி உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

பகல்நேர மையத்துக்கு அம்மா ஒத்துக்கொள்ள நாளானது. “என்னை எங்கயோ கொண்டு போய் விடப் போறியா?” என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முதியோர் இல்லம் என்ற பயம் நம் பெற்றோர் மனதில் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. ஆரம்பத்தில் நானும் கூடப் போய் உட்கார்ந்தேன். எடிசன், ஐசலின் பக்கம் நம் ஊர் சாப்பாடும் நம் ஊர் ஆட்களும் உள்ள மையங்கள் உண்டு. குஜராத்திப் பாட்டிகளும் தெலுங்குத் தாத்தாக்களும் சேர்ந்து பஜனை பாடுவார்கள். இப்போது வேன் வராத நாளில் ஏன் வரவில்லை என்று அம்மா கேட்கிறார். மையம் பார்க்கப் போகும்போது சாப்பாட்டை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கழிவறைக்கு யார் கூட்டிப்போகிறார்கள், மாத்திரையை நர்ஸ் சரியான நேரத்துக்குக் கொடுப்பாரா, வேன் டிரைவர் வாசல்வரை வந்து கைபிடித்து ஏற்றுவாரா என்று பாருங்கள். பார்க்கின்சனில் மாத்திரை அரை மணி தாமதமானாலும் அந்த நாள் கெட்டுவிடும்.

ஒரு வருடாந்தர மறுமதிப்பீட்டுக்குப் பின், நிலைமை சீராக இருக்கிறது என்று சொல்லி உதவி நேரத்தைக் குறைத்துக் கடிதம் வந்தது. சீராக இருந்ததே அந்த உதவியால்தான். இப்படிக் கடிதம் வந்தால் தேதியைப் பாருங்கள். ஹெல்த் பிளானிடம் அப்பீல் செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. ஆனால் அப்பீல் முடியும்வரை பழைய நேரமே தொடர வேண்டும் என்றால், கடிதத் தேதியில் இருந்து 10 நாளுக்குள், அல்லது குறைப்பு அமலுக்கு வருவதற்குள் கேட்டுவிட வேண்டும். தோற்றுப்போனால் அந்த இடைக்காலச் செலவைத் திருப்பிக் கேட்க இடமுண்டு, அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அங்கும் மறுத்தால் மாநிலத்தின் நியாய விசாரணைக்குப் போகலாம். நாங்கள் எழுத்தில் அப்பீல் செய்தோம். நோட்டுப் புத்தகப் பக்கங்கள், டாக்டரின் புதுக் கடிதம், எந்தெந்த நேரத்தில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற ஒரு பக்க விளக்கம், இவ்வளவுதான் இணைத்தது. விசாரணைவரை போகாமலே பெரும்பகுதி நேரம் திரும்பக் கிடைத்தது. கடிதத்தைப் பார்த்துப் பயந்து சரி என்று விட்டுவிடும் குடும்பங்கள்தான் அதிகம் என்று அந்தத் துறையில் இருக்கும் ஒருவரே என்னிடம் சொன்னார்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்று: 55 வயதுக்கு மேற்பட்டவருக்கு மெடிகெய்ட் செய்த நீண்டகாலப் பராமரிப்புச் செலவை, அவர் இறந்த பிறகு அவர் விட்டுச்சென்ற சொத்தில் இருந்து மாநிலம் திரும்பக் கேட்கும். 1993இல் இருந்து எல்லா மாநிலங்களுக்கும் இது கட்டாயம். பிள்ளையின் வீட்டையோ பிள்ளையின் பணத்தையோ அது தொடாது. பெற்றோர் பெயரில் வீடு இருந்தால் விண்ணப்பிக்கும் முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் எல்லாமே மாறும் என்பதைத் தம்பி மூலம் பார்த்தேன். அவன் டெக்சாஸில் இருக்கிறான். அம்மாவை அங்கே கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தோம். அங்கே மெடிகெய்டின் ஸ்டார் பிளஸ் என்ற திட்டத்தின் வீட்டுப் பராமரிப்புக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. நியூஜெர்சியின் திட்டம் நம்மோடு பயணம் செய்யாது, புது மாநிலத்தில் முதலில் இருந்து விண்ணப்பிக்க வேண்டும். நாடு முழுக்க இப்படி வீட்டுப் பராமரிப்புக்காகப் பட்டியலில் இருந்தவர்கள் 2024இல் 7 லட்சத்துக்குச் சற்று மேல். 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டம் மெடிகெய்டுக்கு மத்திய அரசு கொடுக்கும் பணத்தை வரும் வருடங்களில் பெரிய அளவில் குறைக்கிறது. மாநிலங்கள் கை இறுகும்போது, சட்டப்படி கட்டாயம் இல்லாத வீட்டுப் பராமரிப்பில்தான் முதலில் கைவைக்குமோ என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது. அதனால் எங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். அம்மாவின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை மட்டும் எழுதினேன்.

வருடா வருடம் தகுதியைப் புதுப்பிக்கும் கடிதம் கவுன்டியில் இருந்து வரும். பதில் அனுப்பாவிட்டால், உடல்நிலை எப்படி இருந்தாலும் கவரேஜ் நின்றுவிடும். வீடு மாறினால் முகவரியை உடனே சொல்லிவிடுங்கள். நான் ஒவ்வொரு ஜனவரியிலும் ஊர் பேங்க் ஸ்டேட்மென்ட்டை வரவழைத்து, அந்த வருடத்து ஓய்வூதியத் தாளோடு சேர்த்து ஒரு ஃபைலில் போட்டுவைக்கிறேன். கடிதம் வரும்போது ஊருக்குப் போன் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.